கூட்டம் நடக்கிறது

நாடகக் கழகத்துக்கு ஐம்பது வயது நிறையப் போகிறது என்று தெரிந்தவுடனே அதற்குச் சமூகப் பொறுப்பு வந்துவிட்டது. சில பேருக்கு அந்த வயதில் சர்க்கரை வருவதில்லையா, அதுபோலத்தான். முந்தின நாள் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

வந்த பொறுப்பை என்ன செய்வது என்று கழகத் தலைவர் யோசித்தார். கழகமே வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. யாருக்காவது முறையாகக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் கழகம் வருஷா வருஷம் போடுகிற 'அந்திக் கதவு' நாடகம் அவர் நினைவுக்கு வந்தது. எல்லோரும் காவியம் என்று ஒத்துக்கொண்டுவிட்டதால் யாரும் கவனித்துப் பார்க்காத பழைய நாடகம் அது.

கதை சின்னதுதான். சுற்றிலும் மதில் சுவர் உள்ள ஓர் ஊர். வெளியே கொள்ளைநோய். ஓர் ஏழைப்பெண் கோட்டைக் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்கிறாள். வணிகர் வந்து மருத்துவரைக் கேள் என்கிறார். மருத்துவர் வந்து நீதிபதியைக் கேள் என்கிறார். நீதிபதி நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். மூவரும் இதை நல்ல நீளமான வசனமாகச் சொல்கிறார்கள். அதற்குள் அந்தி மணி அடித்துவிடுகிறது. வாயிற்காவலன் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறான். காலையில் திறந்து பார்த்தால் அவள் கதவோரம் செத்துக் கிடக்கிறாள். திரை விழுகிறது, ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடுகிறார்கள்.

வாயிற்காவலனுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. வசனம் இல்லாத வேஷத்துக்கு நடிகன் எதற்கு என்று, கழக அலுவலகத்துப் பியூனையே அதில் பல வருஷமாக நிறுத்தி வந்தார்கள். பகலெல்லாம் தலைவர் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொள்வான். நாடகத்தன்று மாலை அதே முகத்தோடு மேடையில் நின்று கதவைப் பார்த்துக்கொள்வான். தாழ்ப்பாள் என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

பொன்விழாவை முன்னிட்டு 'பாத்திரப் பொறுப்பு நிர்ணயக் குழு' அமைக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் சாவுக்கு நாடகத்தில் யார் யார் எத்தனை சதவீதம் பொறுப்பு என்று ஆராய்ந்து, விழா மேடையில் அறிவிப்பது அதன் வேலை. முதல் கூட்டத்தில் தலைவர் உணர்ச்சிவசப்பட்டார்.

"இத்தனை வருஷமா நாம அழுதுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிட்டோம். இனிமே அது நடக்காது. பொறுப்பு யாரோடதுன்னு கண்டுபிடிச்சு, அதை அவங்க கையில ஒப்படைச்சுட்டு, அதுக்கப்புறம்தான் வீட்டுக்குப் போகணும்!"

பலத்த கைதட்டல். தட்டி முடிந்ததும் தலைவர் தாழ்ப்பாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நாங்க உள்ள சமூகத்தைப் பத்திப் பேசிட்டு இருப்போம். அந்த நேரத்துல யாரும் உள்ள வந்துடக் கூடாது. கூட்டம் முடியற வரைக்கும் ஒரு ஈ, காக்கா நுழையக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்கய்யா" என்றான் தாழ்ப்பாள். இத்தனை வருஷத்தில் அவனுக்குப் புரியாத உத்தரவு என்று ஒன்று வந்ததே இல்லை.

மறுநாளே உடையறைத் தையல்காரி வந்தாள். கழகத்தின் பின்கட்டில், மேடைக்குப் பின்னால், ராஜா உடுப்பும் பிச்சைக்காரர் உடுப்பும் ஒரே கம்பியில் தொங்குகிற அறையில் அவளுக்கு வேலை. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டே நடமாடுவாள். தாழ்ப்பாளைவிடப் பத்து வயது மூத்தவள். கூடப் பிறக்காவிட்டாலும் அவனுக்கு அக்கா. மேடையில் அவன் போடும் காவலன் சட்டை அவன் பருக்கப் பருக்க அவள் பிரித்துப் பிரித்துத் தைத்ததுதான்.

"தம்பி, ரூம்ல மேல இருந்து காரை பேந்து பேந்து விழுது. நேத்து என் சாப்பாட்டு டப்பாவுலயே விழுந்துச்சு. ஒரு ஆளை அனுப்பி முட்டுக் குடுக்கச் சொல்லணும். தலைவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை."

"கூட்டம் நடக்குதுக்கா. முடிஞ்சதும் நானே சொல்லிடறேன்."

"மறந்துடாதே."

"சேச்சே, மறப்பேனா?"

மறக்கவில்லை. அதுதான் பிறகு அவனைத் தின்றது. மறந்திருந்தால் மறதி மேல் பழியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கியிருக்கலாம். மாலையில் எல்லோரும் எழுந்து வெளியே வந்தபோது, "கூட்டம் முடிஞ்சுதுங்களாய்யா?" என்று கேட்டான். "எங்கப்பா முடியறது? ஒத்தி வெச்சிருக்கோம்" என்று தலைவர் காரில் ஏறினார். முடிந்ததும் சொல்வதாகத்தானே அவன் அக்காவிடம் சொல்லியிருந்தான்? முடியவில்லையே. அந்தச் சமாதானம் அவனுக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

உள்ளே ஆராய்ச்சி மும்முரமாக நடந்தது. குழுவின் மூளை ஒரு பேராசிரியர். வணிகருக்கு நாற்பது, மருத்துவருக்கு முப்பது, நீதிபதிக்கு முப்பது என்று அவர் பிரித்துக் கொடுத்தார். இந்தச் செய்தி எப்படியோ கசிந்து, மறுநாள் காலையில் வணிகர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். அவரைத் தாழ்ப்பாள் தடுக்கவில்லை. விழாவுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிக் கொடுத்தது அவர்கள் சங்கம்தான். திரைச்சீலை கொடுத்தவர் ஈ, காக்கா கணக்கில் வரமாட்டார் என்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

"எங்க ஆளு கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டுக் கதவுகிட்ட வந்து நின்னு பேசியிருக்காரு. 'போ'ன்னு ஒரு வார்த்தையில துரத்தியிருக்கலாம்ல? அவ்வளவு நீளமா எவன் பேசுவான்? அக்கறை இருக்கறவன்தானே பேசுவான்?"

நாற்பது நீக்கப்பட்டது. பின்னாலேயே மருத்துவர் சங்கம் வந்தது. "எங்காளு நோயாளி கையைத் தொட்டாரா? இல்ல. தொடாத நோயாளி செத்தா எங்க கணக்குல எப்படி வரும்?" முப்பது போயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தடியூன்றிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "நாளைக்குப் பார்க்கலாம்னு சொன்னது மறுப்பு ஆகாது. நியாயமா பார்த்தா அந்தப் பொண்ணுக்குச் சாதகமான வார்த்தை அது. அவதான் நாளைக்கு வரைக்கும் இருக்கல." மிச்சமும் போயிற்று.

செத்தவளுக்கே கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. சீக்கிரமே வந்திருக்கலாம் அல்லவா? ஆனால் செத்தவளுக்குச் சங்கம் இல்லையென்றாலும், அவளாக நடிக்கிறவளுக்குச் சங்கம் இருந்தது. அதையும் கைவிட்டார்கள்.

இப்போது நூறு சதவீதமும் முழுசாக, கேட்பாரில்லாமல், மேஜை மேல் கிடந்தது. குழு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் தாழ்ப்பாள் டீத் தட்டோடு உள்ளே நுழைந்தான்.

பேராசிரியர் நிமிர்ந்தார். "இவர்தானே வாயிற்காவலன்?"

"ஆமாங்கய்யா."

"கதவைச் சாத்தறப்ப நீ ஏதாவது விளக்கம் சொல்றதுண்டா?"

"இல்லைங்கய்யா. சும்மா சாத்துவேன்."

"சும்மா!" பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "கேட்டீங்களா? மத்த அத்தனை பேரும் விளக்கம் குடுத்திருக்காங்க. அத்தனை விளக்கமும் இலக்கியமா நிக்குது. விளக்கமே குடுக்காத ஒரே பாத்திரம் இவர்தான். எவ்வளவு பெரிய மௌனம்! எவ்வளவு குத்தமுள்ள மௌனம்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் பெருமூச்சு விட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்கள். தலைவர் அவன் முதுகில் தட்டினார். "நூத்துக்கு நூறுப்பா! உங்க வம்சத்துலயே யாரும் வாங்கியிருக்க மாட்டாங்க."

தாழ்ப்பாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அதே சமயத்தில் அக்கா தூரத்தில் வருவது தெரிந்தது. உள்ளே குழுவுக்கு முன்னால் நின்ற அந்த நேரத்தில் அவள் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. கையில் தட்டு இருந்தது, அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டான்.

"சொன்னியா தம்பி? இன்னிக்குப் பெரிய துண்டாவே விழுந்துச்சு."

"கூட்டம் நடக்குதுக்கா."

"வெளிய மிஷினைப் போட்டுத் தைக்கலாம்னா, உத்தரவு இல்லாம எடுக்கக் கூடாதுங்கறாங்க. அந்த உத்தரவையாவது கேட்டுச் சொல்லு."

"சொல்றேன்க்கா. முடிஞ்சதும்."

தீர்மானம் ஊருக்குள் பரவியது. பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டது. 'வாயிற்காவலனின் கல்நெஞ்சம்' என்று பிள்ளைகள் கட்டுரை எழுதினார்கள். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி அவனை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து போய் நின்றுகொண்டாள். சலூன்காரர் சவரம் செய்துகொண்டே, "இருந்தாலும் நீங்க அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுங்க" என்றார். கத்தி தொண்டையில் இருந்ததால் அவன் பதில் சொல்லவில்லை.

வீட்டில் சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள். "என்னங்க, அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?"

"எந்தப் பொண்ணு?"

"கதவுக்கு வெளிய செத்துப்போச்சே."

"அடிப்பாவி, அது நாடகம்!"

"நாடகம்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நீங்க உள்ள திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாயில்லாத பொண்ணு வெளிய நிக்குதுன்னு."

அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். நாடகத்துப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். வரவில்லை. அக்காவின் முகம்தான் வந்தது. தலைமுடியில் சுண்ணாம்புத் தூள், கழுத்தில் அளவு நாடா. நாளைக்கு முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கை கழுவினான்.

மறுநாள் அவன் ஸ்டூலைத் துடைப்பதற்குள்ளாகவே கூட்டம் தொடங்கிவிட்டது. நூறு சதவீதத்தை விழாவில் எப்படி அவனிடம் ஒப்படைப்பது என்பது பொருள். சதவீதத்தைக் கையில் கொடுக்க முடியாது. ஆகவே தோளில் போட்டுக்கொள்ள ஒரு பட்டுப் பட்டை, அதில் பொன்னிற நூலால் 'முழுப் பொறுப்பாளர்' என்ற எழுத்து. தாழ்ப்பாள் கதவுக்கு முன்னால் நின்றான். கையைத் தூக்கினான். தட்டினால் என்ன ஆகும்? யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவனே தட்டினால் அந்த வேலைக்கு அவன் எதற்கு? கையை இறக்கிக்கொண்டான். அந்தக் கை அப்போது எவ்வளவு லேசாக இறங்கியது என்பது அவனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கதவு உள்ளிருந்து திறந்தது. தலைவர் பட்டுத் துணியை அவன் கையில் திணித்தார். "தையல்காரம்மாகிட்டக் குடு. இன்னிக்கே முடியணும். வேற எந்த வேலையும் வேண்டாம்னு சொல்லு."

"ஐயா, அந்த ரூம்ல…"

"கூட்டம் நடக்குதுப்பா!" கதவு சாத்திக்கொண்டது.

அவன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். அக்கா துணியை விரித்து, வாசகத்தைப் படித்துப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். "உனக்கா தம்பி? தோளைக் காட்டு, அளவு எடுக்கணும்." நாடாவை அவன் தோளில் வைத்து அளந்தாள். அண்ணாந்து பார்த்தான். உத்தரத்தை ஒட்டி நீளமாக வெடிப்பு ஓடியிருந்தது. "சாயங்காலம் கட்டாயம் சொல்லிடறேன்க்கா" என்றான். "சரி, சரி" என்று அவள் மிஷினில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அறையில் பாதிக் கூரை தரையில் இருந்தது. அக்காவின் உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை மட்டும் மிஷினுக்கும் காரைக் கட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் கீழே அவனுடைய பட்டை, 'முழுப்' என்ற வார்த்தை வரைக்கும் தைத்திருந்தது. இடிபாட்டை அகற்றும்போது அவன் அழுதுகொண்டே அகற்றினான். ஒரு தையல்காரிக்காகப் பியூன் இப்படி அழுகிறானே என்று எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

கை பிழைக்கும், ஆனால் ஊசி பிடிக்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

தாழ்ப்பாள் அன்று சாயங்காலம் கதவைத் தட்டாமலே உள்ளே போனான்.

"ஐயா, அக்கா கைக்கு நான்தாங்க பொறுப்பு. அவங்க வந்து வந்து சொன்னாங்க. நான்தான் உங்ககிட்டச் சொல்லல."

குழு சங்கடத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தலைவர் தொண்டையைச் செருமினார். "இதோ பாரு, நீ ஏற்கெனவே நூறு வாங்கியாச்சு. ஒரே ஆளுக்கு அதுக்கு மேல குடுக்க விதியில்ல."

"அது நாடகத்துலங்க. இது நெஜம்."

"நெஜத்தை ஆராய இந்தக் குழுவுக்கு அதிகாரம் கிடையாதுப்பா. கூரை விழுந்ததுக்குக் காரணம் வயசு. கட்டடத்துக்கு ஐம்பது வயசு. அதைத்தானே கொண்டாடறோம்?"

"நான் கதவைத் தட்டியிருக்கணும்யா. கையைத் தூக்கினேன், தட்டல."

"தட்டக் கூடாதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதாங்கய்யா."

பேராசிரியர் எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். பிறகு தலைவர் கனிவாகச் சிரித்தார். "அப்போ நீ உன் வேலையைச் சரியாத்தானே பார்த்திருக்கே? வேலையைச் சரியா பார்க்கறதுல என்னப்பா குத்தம்?"

பேராசிரியர் அவனை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "இந்த வருத்தம் அருமையான வருத்தம். வீணாக்கிடாதே. விழா வரைக்கும் அப்படியே வெச்சிரு, மேடையில தேவைப்படும்."

விழா வந்தது. பட்டையின் மீதி எழுத்தை வெளியே கடையில் கொடுத்துத் தைத்திருந்தார்கள். 'முழுப்' ஒரு கை, 'பொறுப்பாளர்' வேறொரு கை என்று பார்த்தாலே தெரிந்தது. தலைவர் அதை அவன் தோளில் போட்டு, "இன்றோடு சமூகம் சுத்தமாகிவிட்டது" என்றார். முன்வரிசையில் வணிகர் சங்கத்தார், மருத்துவர் சங்கத்தார், ஓய்வுபெற்ற நீதிபதி எல்லோரும் மனம் லேசாகிக் கை தட்டினார்கள். தோளில் அளவு நாடா பட்ட இடத்தில் பட்டை உட்கார்ந்திருந்தது. அவனுக்கு அங்கே எரிந்தது.

நாடகம் தொடங்கியது. வணிகர் பேசினார், மருத்துவர் பேசினார், நீதிபதி பேசினார். அந்தி மணி அடித்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. மறுபடியும் மணி அடித்தது.

கதவுக்கு வெளியே நின்ற நடிகை உதட்டை அசைக்காமல் சொன்னாள். "அண்ணே, சாத்துங்க."

"மாட்டேன்."

"அண்ணே, நான் சாகணும்ணே. எனக்கு இருக்கறதே அந்த ஒரு சீன்தான்."

"உள்ள வாக்கா" என்றான் தாழ்ப்பாள். அவளுக்கு அவனைவிட வயது குறைவு. ஆனாலும் அவன் வாயில் அதுதான் வந்தது. கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தான். மேடைக் குடத்தைத் தூக்கினான். காலி. கீழே இறங்கிப் போய், தலைவர் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான். விளக்குச் சூட்டில் நிஜமாகவே தொண்டை காய்ந்துபோயிருந்த அவள் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டாள். இனி எப்படிச் சாவது? திரையைப் போட்டார்கள். பொன்விழாவுக்கென்றே செய்த புதுமை என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் குழு அவசரமாகக் கூடியது. பெண் சாகாததால் பொறுப்பு காலாவதியாகிவிட்டது என்று முடிவாகி, பட்டை திரும்பப் பெறப்பட்டது. இப்போது பிரித்துக்கொடுக்க வேண்டியது பெருமை. கதவு திறந்ததற்கு வணிகரின் பேச்சுதான் தூண்டுதல் என்றது வணிகர் சங்கம். மருத்துவர், நீதிபதி எல்லோருக்கும் கணிசமாகக் கிடைத்தது. வாயிற்காவலனுக்கு மூல நாடகத்தில் வசனம் இல்லை என்பதால் ஒன்றும் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

தாழ்ப்பாள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்றைக்குப் பார்வையாளர் நேரத்தில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். உண்மையைச் சொன்னால் அவன் மனம் கொஞ்சம் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்துவிட்டான் அல்லவா? அக்காவிடம் அதைச் சொல்ல வேண்டும். அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும்.

கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்து அவள் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பழத்தை உரித்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். "நான் சாகணும்ணே" என்று நடிகை கெஞ்சியதைக் கேட்டு அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். காலிக் குடத்துக்கும் சிரித்தாள். அவன் சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"எல்லாம் சரி தம்பி. கூட்டம் முடிஞ்சுதா?"

குத்திக்காட்டுகிறாளோ என்று பார்த்தான். இல்லை. அவள் உண்மையாகவே கேட்டாள்.

"மிச்சக் கூரை அப்படியேதானே நிக்குது? என் இடத்துல புதுசா ஒரு பொண்ணைச் சேர்த்திருக்காங்களாம். பார்க்க வந்த தலைவரோட டிரைவர் சொன்னாரு. உத்தரவு இல்லாம அதுவும் மிஷினை வெளிய எடுக்க முடியாது. அங்கதான் உட்கார்ந்திருக்கும். அதான், முடிஞ்சதும் சொல்றேன்னியே, சொல்லிட்டியான்னு கேட்டேன்."

தாழ்ப்பாளுக்கு முகமெல்லாம் சூடேறியது. காலையில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, புதிதாக ஒரு பெண் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றிருந்தாள். என்ன விஷயம் என்றுகூட அவன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில், வாயில் தானாக வந்ததைச் சொல்லி அனுப்பியிருந்தான்.

உரித்த சுளைகளை அவளுடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க தம்பி, இப்பத்தானே வந்தே?"

"கதவைத் தட்டிட்டு வந்துடறேன்க்கா."